முதுமையில் கைவிடப்பட்ட நாயைத் தேற்றுதல்

ஊவா மலைநாட்டிலே நாயில்லாத லயம் இல்லை. ஆயினும் அந்த நாய் யாருடையது என்று கேட்டால் திட்டமாக விடை சொல்லக்கூடியவர்களும் அதிகம் இல்லை. தொங்கல் காம்பராவின் இஸ்தோப்பிலே, அதாவது கடைசி வீட்டு விறாந்தையிலே படுத்து, விடியற்காலையில் பிரட்டு என்னும் வேலைப் பெயர்ப்பதிவுக்குப் போவோரோடு மலையேறி, மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே வந்து, நாலு வீட்டுச் சோற்றை உண்டு வளரும் பிராணி அது. அதனுடைய இளமைக் காலத்தில் இந்த ஏற்பாட்டினால் பெரிய குறை ஒன்றும் விளைவதில்லை. பல் தேய்ந்து, பின்னங்கால் தளர்ந்து, மற்ற நாய்களோடு போட்டியிட்டுத் தின்ன முடியாத வயது வந்த பிறகுதான், எல்லோருக்கும் உரியதாயிருந்த நாய் உண்மையில் ஒருவருக்கும் உரியதன்று என்பது வெளிப்படுகிறது.

கிழநாய்கள் கைவிடப்படுவதற்கு நம் பிரதேசத்தில் விசேஷமான காரணங்கள் சில உண்டு. வீட்டுத் தலைவி வெளிநாட்டுக்கும் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் தொழில் தேடிப் போய்விட, லயத்திலே எஞ்சியிருந்த பாட்டியும் ஒருநாள் மகள் வீட்டோடு சென்றுவிடுகிறாள். காம்பராவுக்குப் பூட்டு விழுகிறது. நாய் மாத்திரம் வாசலிலே கிடக்கிறது. மண்சரிவு அபாயத்தினால் லயத்தைக் காலி செய்யும்போதும் இதுவே நிகழ்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை இவ்வட்டாரத்தில் மறந்தவர் இல்லை. பெருமழை பிடித்துக்கொண்டால் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் ஒண்டிக்கொள்ளும் குடும்பங்களுக்குத் தம் பிள்ளைகளைப் படுக்கவைக்கவே இடம் போதாதிருக்க, நாய்க்கும் இடம் கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்? இவற்றினும் பரிதாபமானது வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கங்களிலே மரக்கறித் தோட்டங்களில் காவலுக்குக் கட்டப்படும் நாயின் கதை. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்குப் பாத்திகளில் இறங்காதபடி இராமுழுதும் குரைப்பதே அதன் உத்தியோகம். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவே அதன் உலகம். குரல் கம்மியதும் அதை அவிழ்த்துத் துரத்திவிடுவதையே தயவென்று எண்ணுவோர் உளர்.

முற்காலத்திலாயின் இத்தகைய நாய்களுக்கு அரசாங்கமே ஒரு முடிவை வைத்திருந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் நடைமுறையில் இருந்த நீண்ட காலத்தில், உடையவர் இல்லாத நாய் பிடிபடுவதும் கொல்லப்படுவதும் சாதாரண நிகழ்ச்சிகளாயிருந்தன. 2006ஆம் ஆண்டில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே மார்க்கம் என்று கொள்கை மாறிற்று. நல்ல மாற்றந்தான், ஆனால் கொல்லாமை கொள்கையாயிற்றே ஒழியப் பராமரிப்பு யாருடைய கடமையும் ஆகவில்லை. தோட்டங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிராணிகள் காப்பகம் என்று ஒன்று இராதாகையால், நோயுற்ற கிழநாயைத் தேற்றவேண்டுமாயின் அது யாரேனும் ஒருவருடைய இஸ்தோப்பிலேதான் நடைபெறவேண்டும். அந்த இஸ்தோப்பு உங்களுடையதாயிருக்கக்கூடும் என்ற எண்ணத்திலேயே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

கொண்டுவருமுன்

முதலாவது, நாய்க்கு உடையவர் உண்டா என்று விசாரியுங்கள். மெலிந்திருக்கிறது என்ற காரணத்தினால் மாத்திரம் ஒருவருடைய நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது, பின்னால் மேல்லயத்துக்கும் பணியலயத்துக்கும் இடையே பெரிய சண்டையாக முளைக்கும். உடையவர் இருந்தால், “நான் கொஞ்ச நாள் வைத்து வைத்தியம் பார்க்கட்டுமா?” என்று சாந்தமாகக் கேட்டால் அநேகமாகச் சம்மதம் கிடைத்துவிடும், அவர்களுக்கும் மனம் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். மிருகங்களுக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்க 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பது மெய். அதில் அக்காலத்தில் விதிக்கப்பட்ட அபராதமோ நூறு ரூபாய். பொலிசுக்குப் போவதனால் நாய்க்கு விளையும் நன்மையைவிட, அடுத்த வீட்டாரின் ஒத்துழைப்பினால் விளையும் நன்மையே அதிகம் என்பது என் அபிப்பிராயம். கண்முன்னே அடித்து வதைக்கும் சந்தர்ப்பம் வேறு. அப்போது தயங்கவே கூடாது.

இரண்டாவது விஷயம் உங்களுடைய உயிரைப் பற்றியது. 1973ஆம் ஆண்டிலே இலங்கையில் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தவர்கள் 377 பேர். நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றும் ஏற்பாட்டினாலும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைப்பதனாலும் அந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் நோய் நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. வாய் தொங்கி எச்சில் வடிதல், விழுங்க இயலாமை, காரணமின்றி எதையும் கடித்தல், குரல் விகாரப்படுதல், பின்னங்கால் இழுத்தல் ஆகிய குறிகளை அறிமுகமற்ற நாயிடம் கண்டால், இரக்கத்தை அடக்கிக்கொண்டு விலகி நின்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று கையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பதைப்போல அபாயமான பரோபகாரம் வேறில்லை. நாய் கடித்தாலும், நகத்தினால் கீறினாலும், புண்ணிலே நக்கினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். கடித்த நாய் பத்து நாட்கள் கடந்தும் சுகமாயிருந்தால் கடித்த வேளையில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்று கொள்வர். ஆனால் அந்தப் பத்து நாளும் நாய்க்குத்தானே அன்றி, உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு அன்று. அடிக்கடி இத்தகைய நாய்களைக் கையாளுபவர்கள் கடிபடுவதற்கு முன்னரே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேட்டறிவது உத்தமம்.

இடம்

பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்க, பண்டாரவளை 1,200 மீற்றரையும் அப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டி நிற்கின்றன. ஆகையினால் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாய்க்கு வேண்டிய படுக்கை இன்னொன்றுக்குப் போதாது. கொழுப்பில்லாத சரீரத்துக்குக் குளிரைப்போல் சத்துரு இல்லை; தின்ற சொற்பத்தையும் உடம்புச் சூட்டைக் காப்பதிலேயே அது செலவழித்துவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான கச்சான் காற்று தேயிலைக்கு வாசனையைத் தரலாம். ஈரச் சீமெந்துத் தரையில் கிடக்கும் கிழநாய்க்கு அது முடக்கு நோவைத் தருகிறது. அதன் பின்னர் ஒக்டோபரிலிருந்து சனவரி வரை மழையும் அட்டையும். ஆதலின் தரையைவிட்டு நாலு விரற்கடையேனும் உயர்ந்த பலகை, அதன்மேல் மடித்த சாக்கு, அதன்மேல் பழைய சேலை அல்லது கம்பளித் துண்டு, காற்று வரும் பக்கத்தில் தகரமோ பழைய கதவோ கொண்டு ஒரு மறைப்பு என்று அமைத்துக்கொள்ளுங்கள். உரம் வந்த பையை விரிக்கவேண்டாம். கழுவினாலும் அதில் நெடி இருக்கும், நாய் நக்கும். கிருமிநாசினி, களைநாசினி தெளிக்கும் கலன்கள் வைக்கும் மூலையும் ஆகாது. இரவில் கதவடைத்த இடமே வேண்டும். தேயிலை மலைகளிற் சஞ்சரிக்கும் சிறுத்தைக்குக் கிழநாய் சுலபமான இரை.

வீட்டில் வேறு நாய் இருக்குமாயின் இரண்டு வாரம் கண்ணில் படாமல் பிரித்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் ஆரம்பத்திலேயே திட்டமாகச் சொல்லிவிடவேண்டும்: பார்க்கலாம், தொடக்கூடாது. மலத்தை அன்றாடம் அள்ளி ஆழமாகப் புதையுங்கள். நாயின் குடலிலுள்ள கொக்கிப் புழுக்களில் ஒருவகைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. 1911ஆம் ஆண்டில் இந்நாட்டுப் புனுகுப் பூனை ஒன்றின் குடலிலிருந்து கண்டறியப்பட்ட அந்தப் புழு மனிதருடைய குடலிலும் தங்கி இரத்தம் குடிக்கவல்லது. செருப்பில்லாத கால் வழியாகவும் புழுக்குஞ்சுகள் உடம்பிற் புகும் என்பதை லயத்துக் குடும்பங்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

ஆகாரம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க உங்களுக்கு அவகாசம் உண்டென்றால் இதனைப் படியுங்கள். எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறு போடுவது, அதற்குச் செய்யக்கூடிய தீங்குகளில் மிகப் பெரியது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் பட்டினி முகாம்களிலிருந்து மீண்டவர்களுள் சிலர், பசித்திருந்தபோது சாகாமல், உணவு கிடைத்த பின்னர் இறந்துபோனதைக் கண்டு வைத்தியர்கள் திகைத்தார்கள். காரணம் யாதெனில், நெடுநாட் பட்டினியில் சரீரம் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் தரித்துக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் திடீரென்று மாப்பொருள் நிறைந்த ஆகாரம் உள்ளே சென்றால், இன்சுலின் சுரந்து, இரத்தத்திலே அருகிப்போய் நிற்கும் பொசுபரசு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புக்களைச் செல்களுக்குள் இழுத்துவிட, இருதயம் தடுமாறுகிறது, தசைகள் ஓய்கின்றன, சிவப்பணுக்கள் உடைகின்றன. நாய்க்கும் இதுவே விதி. மூன்றாம் நாள், நான்காம் நாள் வரையிலும் நன்றாகத் தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று சாய்ந்துவிட்டது, ‘கண்ணூறு’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்ணூறு அன்று, சோறு.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி, அதன் எடையைக் கிலோவில் எடுத்து 30ஆற் பெருக்கி 70ஐக் கூட்டினால் வரும். பத்துக் கிலோ நாய்க்கு 370. முதல் நாள் அதில் கால்வாசி, இரண்டாம் நாள் அரைவாசி, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் அல்லது ஐந்தாம் நாளிலேதான் முழுமையும். நம் அடுப்படிக் கணக்கிற் சொன்னால், முதல் நாளைக்கு ஓர் அவித்த முட்டையும் தீப்பெட்டியளவு அவித்த கோழியிறைச்சியும் போதும்; அதையும் நான்காகப் பங்கிட்டு ஆறு மணி நேரத்துக்கொருமுறை ஊட்டவேண்டும். சோறு இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு பிடியாக வந்து, பின்னர் மெல்ல மெல்லக் கூடலாம். முழு அளவை எட்டி, மலமும் கட்டி, நாயும் எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னர், வாரந்தோறும் எடை பார்த்து உணவை உயர்த்திக்கொண்டு போங்கள். எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடலாம். மடுவத்துத் தராசிலே சாக்கிற் கட்டித் தொங்கவிட்டு நிறுப்பதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். கணக்கப்பிள்ளை சம்மதித்தாலும் நாய் சம்மதிக்காது.

இங்கே உங்களுக்கு விரோதிகளாக நிற்கப்போகிறவர்கள் நல்லவர்கள். நாய் வந்திருக்கும் செய்தி பரவியதும், ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு ஊற்றிய சோறு, இன்னொரு வீட்டிலிருந்து பாண் துண்டு, மற்றொரு வீட்டிலிருந்து பால்மாத் தேநீரின் மிச்சம் என்று அன்பு பல பாத்திரங்களில் வந்து சேரும். இதை எப்படித் தடுப்பது? பாத்திரத்தை நன்றியோடு வாங்கி உள்ளே வையுங்கள். நாய்க்கு நீங்கள் ஒருவரே ஊட்டுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை அழிக்குமாகையால் நம்முடைய கறி எதுவுமே உதவாது. பால் பெரும்பாலும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். தேநீரையும் தேயிலைச் சக்கையையும் தேயிலை நாட்டிலே விஷமென்று சொன்னால் சிரிப்பார்கள். அதிலுள்ள கஃபீன் நாயின் இருதயத்தைப் படபடக்கச் செய்வது. அவித்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டுக்கு உப்பு அதிகம். பருப்பும் பூசணிக்காயும் உப்பின்றி அவித்தால், பிற்பாடு சோற்றோடு சேர்க்க நல்லவை. கோழி ஈரல் வாரத்தில் இரண்டொரு தரம் கொஞ்சமாக. நீர் மாத்திரம் எந்நேரமும் இருக்கட்டும். ஆனால் வறண்டு வந்த நாய் முதல் வேளையில் மடக்மடக்கென்று குடித்து வாந்தியெடுக்காதபடி சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

வைத்தியம்

பிரதேச செயலகப் பிரிவுகளிலே உள்ள அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகம் பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உழைப்பது. இருந்தபோதிலும் நாயைக் கொண்டுபோனால் பார்ப்பார்கள். சிக்கலான நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உண்டு என்றாலும், பலவீனமான நாயை அவ்வளவு தூரம் கொண்டு செல்வது முதல் வாரத்தில் தகாது. போகுமுன் சில குறிப்புகளை எழுதிக்கொண்டு போங்கள்: என்ன தின்றது, எத்தனை தரம் மூத்திரம் போனது, அதன் நிறம் என்ன, இருமல் உண்டா, எவ்வளவு நீர் குடிக்கிறது. கிழநாய் அதிகமாக நீர் குடித்து அதிகமாக மூத்திரம் பெய்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கவேண்டும். அப்போது இறைச்சியின் அளவையும் வைத்தியரே தீர்மானிப்பார். கருத்தடை செய்யாத பெட்டை நாய், கூடற்காலம் கழிந்து சில வாரங்களில் சோர்ந்து, தாகம் மிகுந்து, பின்புறம் சீழ் வடியக் கண்டால் அது கருப்பையிற் சீழ் கட்டும் நோயாயிருக்கலாம். அது ஒருநாளும் தாமதிக்கத்தக்கதன்று.

நீங்களே பார்த்தறியவேண்டிய ஒரு பரீட்சையை மாத்திரம் விரிவாகச் சொல்லுகிறேன். நாய் உங்களுக்குப் பழகிய பிறகு, அதன் மேலுதட்டை மெதுவாக உயர்த்தி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறைப் பாருங்கள். கறுப்பு ஈறாயிருந்தால் கண்ணின் கீழிமையை இழுத்து உள்ளே பார்க்கலாம். ஆரோக்கியமான ஈறு ரோஜா நிறமாயிருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பும். வெண்மையாயிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. மஞ்சளாயிருந்தால் ஈரலிலோ இரத்தத்திலோ கோளாறு. நம் பிரதேசத்தில் இந்த வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: குடலிலே கொக்கிப் புழு, தோலிலே உண்ணி. உண்ணி குடிக்கும் இரத்தத்தைக் காட்டிலும் அது செலுத்திவிட்டுப் போகும் கிருமியே பொல்லாதது. பபேசியா என்னும் கிருமி சிவப்பணுக்களை உடைப்பதனால் காய்ச்சலும், சில வேளை தேயிலைச் சாயம்போன்ற மூத்திரமும் காணும்; எர்லிக்கியா என்பது மூக்கிலிருந்து இரத்தம் வடியச் செய்யும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் பின்னதற்கு நாலு வாரம் மாத்திரை கொடுக்கவேண்டும். ஒரு வாரத்தில் நாய் தேறிவிட்டதென்று நிறுத்துகிறவர்களே அதிகம், நோய் திரும்புவதும் அதனாலேயே. காதின் உட்புறம், கால்விரல்களின் இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பார்த்து, உண்ணியைத் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுத்துச் சவர்க்கார நீரிற் போடுங்கள், விரலால் நசுக்கவேண்டாம். குடற்புழுவுக்குரிய பூச்சி மருந்தை நாய் வந்த அன்றைக்கே கொடுப்பதும் சரியன்று. எடை பார்த்து, வைத்தியர் சொல்லும் நாளில் கொடுத்து, இரண்டு மூன்று வாரங்களில் மறுபடியும் கொடுக்கவேண்டும். எலிக்காய்ச்சல் மிகுந்த நாட்டிலே நாயின் மூத்திரம் பட்ட தரையைக் கழுவும்போது கையுறை அணிவதும் நல்லது.

தோலைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. சொறி பிடித்த நாய்க்கு லொறியிலிருந்து வடித்த கழிவு ஒயிலைப் பூசுவது நம்மிடையே வேரோடிய பழக்கம். நாய் அதை நக்கி விழுங்குகிறது, தோல் வெந்துபோகிறது, ஈரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. மண்ணெண்ணெயும் அவ்வாறே. சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத உண்ணியினம்; அதற்கு மாத்திரையும் ஊசியும் வந்துவிட்ட இந்நாளில் ஒயிலுக்கு அவசியமே இல்லை. அந்தச் சொறியில் ஒருவகை மனிதருக்கும் தொற்றி அரிப்பை உண்டாக்கும். குளிப்பாட்டுவதற்கு அவசரப்படாதீர்கள், எத்தனை நாற்றமானாலும் முதல் சில நாட்கள் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதோடு நிற்கட்டும். வெயில் ஏறிய நண்பகலில், இளஞ்சூட்டு நீரில் முதற் குளியல். உடனே துவாயினால் உலர்த்தல்.

காவல் நாய்களிடம் காணும் ஒரு புண்ணை மாத்திரம் கண்ணாலே கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். குட்டியாயிருந்தபோது கழுத்திற் கட்டிய கம்பியோ நைலோன் கயிறோ, கழுத்து பருத்தபோது அவிழ்க்கப்படாமல் தோலை அறுத்து உள்ளே புதைந்துவிடும். மேலே உரோமம் மூடியிருப்பதனால் வெளிப்பார்வைக்குச் சிறிய வடுப்போலவே தோன்றும். நாற்றமும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடப்பதுமே காட்டிக்கொடுக்கும். உரோமத்தை விலக்கிப் பார்த்தால் கழுத்தைச் சுற்றிச் சிவந்த வாய்க்கால் ஒன்று, அதன் அடியிலே பச்சைக் கயிறு, சில வேளை நெளியும் புழுக்கள். இதனை வீட்டிலே அறுக்க முயலாதீர்கள். அந்தச் சதைக்குக் கீழேதான் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் எடுக்கவேண்டியது அது. அதுவரை, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி கரைத்து மெதுவாகக் கழுவுவதே நீங்கள் செய்யத்தக்கது. டெற்றோலையும் பினைலையும் புண்ணிலே கொட்டினால் புழுவோடு சதையும் வெந்துவிடும். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கிலே அகப்பட்டு மீண்ட நாயின் இடுப்பிலும் காலிலும் இதேபோன்ற காயம் உண்டாகும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே ஒரு கருஞ்சிறுத்தையின் உயிரைக் குடித்ததும் அத்தகைய சுருக்கே.

முதுமை

தேறத்தக்கது எது, பொறுத்துக்கொள்ளத்தக்கது எது என்று பிரித்தறிவதே கிழநாய்ப் பராமரிப்பின் சாமர்த்தியம். மெலிவு, சொறி, புழு, உண்ணிக்காய்ச்சல் ஆகியவை தேறும். முகவாய் நரைத்ததும் செவி மந்தமானதும் தேறமாட்டா. கண்மணியிலே நீலம் பாய்ந்தாற்போலத் தோன்றுவது முதுமையின் சாதாரணக் குறி, பார்வை பெரும்பாலும் இருக்கும்; பால்வெண்மையாக மறைத்தால் அது புரை. மூட்டு நோவுக்கு வீட்டிலிருக்கும் பனடோலைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆசை எழும். மனிதருடைய வலிமாத்திரை எதையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், ஈரல் போய்விடும், சிலவற்றால் குடல் புண்ணாகிவிடும். வழுக்கும் சீமெந்தின்மேல் சாக்கு விரிப்பதும், லயத்துப் படிகளைத் தவிர்த்துச் சரிவான வழியால் நடத்துவதும், உடம்பு சற்றுத் தேறியபின் காலையும் மாலையும் சமதரையிலே சிறு நடையும் மருந்துக்குச் சமமானவை. உண்ண ஆசையிருந்தும் வாய்க்குள் வைத்ததைக் கீழே போடுகிறதா? பல்லைப் பாருங்கள், அழுகிய பல் ஒன்றைப் பிடுங்கியதும் ஒரு வாரத்தில் குணமே மாறிய நாய்கள் உண்டு.

குணம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வந்த முதல் வாரத்தில் நாய் சாதுவாகக் கிடந்தால் அது நல்ல நாய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், சக்தியில்லாமல் கிடக்கிறது. உடம்பிலே தெம்பு ஏறும்போதுதான் அதன் அச்சமும் கோபமும் வெளிவரும். சட்டியருகே போனால் உறுமும். விளக்குமாற்றை எடுத்தால் ஒடுங்கும், அல்லது கடிக்கும். இது நன்றிகெட்டதனம் அன்று. அதற்கு நேர்ந்ததெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்கிறது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டிலே உட்கார்ந்து, கண்ணை உற்றுப் பாராமல், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதுவாக வந்து முகரட்டும். சிங்கள வீட்டிலே வளர்ந்த நாயாயிருந்தால் அந்தப் பாஷையிலேயே கூப்பிட்டுப் பாருங்கள், காது நிமிர்வதைக் காண்பீர்கள். அடித்துப் பழக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் அண்ணன்மார் எல்லா லயத்திலும் உண்டு. காது கொடாதீர்கள்.

உடம்பு தேறியதும் விசர்நாய்த் தடுப்பூசியும், வைத்தியர் தகுதியென்று சொன்னால் கருத்தடையும் செய்வித்து, தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சுகாதாரத் திணைக்களத்தார் இலவசமாகத் தடுப்பூசி போடவரும் நாளைப் பரிசோதகரிடம் முன்னரே கேட்டுவைத்துக்கொள்ளலாம். பிறகு அந்த நாய்க்கு ஒரு நிலையான வீடு தேடவேண்டும். தேடும்போது வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மாதச் செலவையும், மாத்திரையையும், இரவிலே இரண்டு தரம் வெளியே விடவேண்டியிருப்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுப் போய் வராமலிருப்பவர், கொண்டுபோய்விட்டுத் திருப்பி அனுப்புகிறவரைவிட நாய்க்கு நல்லவர். புதிய வீட்டார் முதலில் உங்கள் வாசலுக்கே இரண்டொரு முறை வந்து நாயோடு உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். ஒப்படைக்கும்போது தடுப்பூசி அட்டையையும், எடையும் மருந்தும் எழுதிய குறிப்புப் புத்தகத்தையும், ஒரு வாரத்துக்குரிய மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று மாதம் தேடியும் தகுந்த வீடு அமையவில்லையானால் தேடுவதை நிறுத்திவிட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்வதுதான் முறை. அந்த வயதில் ஒரு நாயைக் கைமாறிக் கைமாறி அனுப்புவதற்கு, முதலிலேயே அதை எடுத்து வராமலிருந்திருக்கலாம்.